பேயின் குரலும் பெற்றவள் முகமும்

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, நம் சங்கத்து அன்பர்கள் சிலர் ஓர் உறுப்பினர் இல்லத்தில் கூடி, ‘தி எக்ஸார்சிஸ்ட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைக் கண்டோம். பேயோட்டும் கதையைச் சொல்லும் படங்களுக்கெல்லாம் தாய் என்று சொல்லத்தக்க படம் அது. 1973-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வெளிவந்தது. பெரியவர்களைக் கதிகலங்க அடிக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு, நம் வீட்டு இளைஞர்கள் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அமர்ந்திருந்தார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும், எழுபத்தைந்து வயதைக் கடந்த ஓர் அம்மையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பிசாசுகிட்டே எனக்கு என்னப்பா பயம்? ஊரிலே எவ்வளவோ பார்த்தாச்சு. அந்தப் பெத்தவ முகத்தைத்தான் பார்க்க முடியலே.”

அன்று அனைவரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆயினும் வீடு திரும்பிய பின்னரும் அந்தச் சொல் நம்மை விடவில்லை. கோடாங்கி உடுக்கை அடித்துப் பேயோட்டுவதைச் சிறு வயதிற் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். தலைவிரி கோலமாய் ஆடிய பெண்ணின் உருவம் நினைவில் மங்கியிருக்கும். தூணோரமாய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அவள் கணவனின் முகமோ, அவள் தாயின் முகமோ மங்கியிராது.

பேயோட்டும் படத்தின் வெற்றி தோல்வியும் இங்கேதான் இருக்கிறது என்பது நம் எண்ணம். பேய் பிடித்தவராக நடிப்பவர் எத்தனைதான் உருண்டு புரண்டாலும், எதிரே நிற்பவர் அதை நம்பாவிட்டால் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவரும் நம்பமாட்டார். ஆகவே, பேய்க்கு யாரைப் போடுவது என்பதைவிட, அதன் எதிரில் யாரை நிறுத்துவது என்பதே பெரிய வினா. நம் சங்கத்து ஆண்டு விழா நாடகத்திற்கு ஆள் சேர்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ராஜபார்ட்டுக்குப் பத்துப் பேர் வருவார்கள். அரசன் பேசும்போது பேசாமல் நின்று கேட்கும் மந்திரி வேடத்திற்கு ஒருவரும் அகப்படமாட்டார். நாடகம் கெடுவது பெரும்பாலும் அந்த மந்திரியால்தான்!

படத்தைக் காணாதவர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறோம். வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியில் வாடகை வீட்டில் தங்கியிருக்கும் ஒரு திரைப்பட நடிகையின் 12 வயது மகளுக்கு ஏதோ ஆகிறது. மருத்துவர்கள் சோதிக்கிறார்கள்; மனநோய் வல்லுநர்கள் பார்க்கிறார்கள்; ஒன்றும் பலிக்கவில்லை. கடவுள் நம்பிக்கையே இல்லாத அந்தத் தாய், முடிவில் ஓர் இளம் பாதிரியாரிடம் போய் நிற்கிறாள். மனநோய் மருத்துவமும் படித்தவரான அவருக்கோ தம் நம்பிக்கையிலேயே ஐயம் பிறந்திருக்கிறது. பின்னர் முதிய பாதிரியார் ஒருவர் வருகிறார். இருவரும் சடங்கைத் தொடங்குகின்றனர். வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971-இல் வெளியிட்ட நாவல் இது. அவர் மாணவராயிருந்த 1949-ஆம் ஆண்டில், மேரிலாந்துச் சிறுவன் ஒருவனுக்கு நடந்த சடங்கைப் பற்றிச் செய்தித்தாளில் வந்த செய்தியே நாவலுக்கு வித்து. படத்திற்குத் திரைக்கதை எழுதியவரும் தயாரித்தவரும் அவரே.

இயக்கியவர் வில்லியம் ஃபிரீட்கின். செய்திப் படங்கள் எடுத்துப் பழகிய கை அவருடையது. முதிய பாதிரியாராக மார்லன் பிராண்டோவைப் போடவேண்டும் என்று படக் கம்பெனி விரும்பியது. பிராண்டோவின் பெயர் சுவரொட்டியில் இருந்தால் கூட்டம் தானே வரும் என்பது வணிகக் கணக்கு. ஃபிரீட்கின் மறுத்துவிட்டார். பிராண்டோ வந்து நின்றால் அது பிராண்டோ படமாகிவிடும், கதையின் படமாக இராது என்பது அவர் கருத்து. நாம் ஒரு முகத்தை நூறு படங்களில் பார்த்திருந்தால், அந்த முகம் பேயின் முன் நிற்கும்போது, ‘இவருக்கு ஒன்றும் ஆகாது, கடைசியில் வென்றுவிடுவார்’ என்று நம் மனம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அத்துடன் பயம் போயிற்று.

தாய் வேடத்திற்கும் பெரிய பெயர்களையே முதலில் நாடினார்கள். ஆட்ரி ஹெப்பர்ன், ஆன் பான்கிராஃப்ட், ஜேன் ஃபோண்டா ஆகிய மூவரையும் கேட்டார்கள். ஒருவர் ரோமில் படமெடுத்தால் வருவதாகச் சொன்னார், ஒருவர் கருவுற்றிருந்தார், ஒருவர் வேண்டாம் என்றார். எல்லன் பர்ஸ்டின் என்ற நடிகை தாமாகவே ஃபிரீட்கினைத் தொலைபேசியில் அழைத்து, இந்த வேடம் தமக்கே உரியது என்று சொன்னாராம். 1971-இல் வந்த ஒரு படத்தில் துணை வேடத்திற்காக ஆஸ்கார் பரிந்துரை பெற்றவர்தாம். ஆயினும் கூட்டம் சேர்க்கும் நட்சத்திரம் அல்லர்.

அவர் என்ன செய்திருக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். படத்தின் முதற் பகுதி முழுவதிலும் அவர் பேயைப் பார்ப்பதே இல்லை, மருத்துவர்களைத்தான் பார்க்கிறார். ஒருவர் மூளையில் கோளாறு என்கிறார். இன்னொருவர் நரம்பு என்கிறார். மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தத் தாய் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்கிறாள். மரியாதை மெல்ல மெல்லத் தேய்ந்து கோபமாகிறது. கோபம் தேய்ந்து கெஞ்சலாகிறது. மொழி தெரியாத ஊரின் பெரிய மருத்துவமனை வராந்தாவில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் நின்ற தாய்மார்களுக்கு இந்த நடிப்பின் அருமை தெரியும். இளம் பாதிரியாரை அவள் சந்திக்கும் காட்சியில் கறுப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறாள். முகத்தில் மகள் அடித்த காயம். கண்ணே தெரியாத அந்தக் காட்சியில், குரலின் நடுக்கத்தையும் விரல்களையும் மட்டுமே வைத்துக்கொண்டு பர்ஸ்டின் நடித்திருக்கிறார்.

அக்காலத்தில் இப்படத்தைக் காணச் சென்றவர்களில் சிலர் கொட்டகையிலேயே மயங்கி விழுந்தனர் என்று பத்திரிகைகள் எழுதின. பேய்க் காட்சிகளைவிட, சிறுமியின் கழுத்தில் ஊசி செலுத்திச் சோதிக்கும் மருத்துவமனைக் காட்சியே பலரைக் கலங்க வைத்தது என்பர். அதில் தோன்றுவோரிற் சிலர் நடிகர்களே அல்லர். மெய்யான மருத்துவமனைப் பணியாளர்கள். நாள்தோறும் செய்யும் வேலையை எப்படிச் செய்வார்களோ அப்படியே, அவசரமின்றி, முகத்தில் எந்தக் குறிப்பும் இன்றிச் செய்கிறார்கள். அந்தச் சலனமின்மையே நம் வயிற்றைக் கலக்குகிறது.

இவ்வாறு மெய்யானவர்களைக் கொண்டுவந்து நிறுத்துவது ஃபிரீட்கினின் வழக்கம். இளம் பாதிரியாரின் நண்பராக வரும் வில்லியம் ஓமாலி மெய்யான இயேசு சபைக் குரு, பள்ளி ஆசிரியர். பல்கலைக்கழகத் தலைவராக வருபவரும் குருவே. இளம் பாதிரியாரின் வயது முதிர்ந்த தாயாக நடித்த வசிலிகி மலியாரோஸ் என்ற கிரேக்க மூதாட்டியை ஓர் உணவு விடுதியிற் கண்டு அழைத்துவந்தார்கள். அதற்கு முன் அவர் திரையில் தோன்றியதில்லை. படம் வெளிவரு முன்பே காலமாகிவிட்டார். நியூயார்க் நகரின் ஏழ்மையான குடியிருப்பு ஒன்றில், தனியே வானொலி கேட்டுக்கொண்டு, மகன் வரவை எதிர்பார்த்திருக்கும் அந்தத் தாய் வருவது சில நிமிடங்களே. உடைந்த ஆங்கிலமும் கிரேக்கமும் கலந்து பேசும் அவள் முகம்தான், பின்னர்ப் பேய் அந்த மகனைக் குத்துவதற்கு எடுக்கும் கத்தி. பழகிய நடிகை ஒருத்தி இதைச் செய்திருந்தால், ‘நன்றாக நடித்தாள்’ என்று நாம் மெச்சியிருப்போம். இவரைப் பார்க்கும்போது மெச்சத் தோன்றவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதி எத்தனை நாள் ஆயிற்று என்றுதான் தோன்றுகிறது.

அந்த மகனாக, அதாவது இளம் பாதிரியாராக நடிக்க ஸ்டேசி கீச் என்ற நாடக நடிகரோடு ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. அதன் பிறகு ஃபிரீட்கின் ஜேசன் மில்லரைக் கண்டார். மில்லர் நாடக ஆசிரியர். 1973-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். திரைப்படம் ஒன்றிலும் நடித்ததில்லை. இயேசு சபையாரின் கல்லூரியிற் படித்தவர். அவரைச் சோதித்துப் பார்த்த பின், கீச்சுக்கு உரிய தொகையைக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு மில்லரைப் போட்டார்கள். நியாயமா என்று கேட்டால் கீச்சுக்கு நியாயமில்லைதான். ஆனால் மில்லரின் முகத்தைப் பார்த்தவர்கள் அந்த மாற்றம் எதற்காக என்று கேட்கமாட்டார்கள். பல இரவுகள் தூங்காதவர் போன்ற கண்கள். எதையும் உரக்கச் சொல்லாத வாய். மல்யுத்தக்காரரின் தோள், அதன்மேல் தோற்றவரின் தலை.

மில்லர் செய்த ஒரு சிறு காரியத்தைச் சொல்லவேண்டும். பாதிரியார் ஒரு புட்டியிலிருந்து தண்ணீரைத் தெளித்து, அது மந்திரித்த தீர்த்தம் என்கிறார். சிறுமி துடிதுடிக்கிறாள். ஆனால் அது குழாய்த் தண்ணீர். மெய்யான பேயாயிருந்தால் குழாய்த் தண்ணீருக்கா அஞ்சும்? இதைக் கண்டுபிடித்துவிட்ட நிறைவோ மகிழ்ச்சியோ மில்லர் முகத்தில் இல்லை. ஒரு மருத்துவர் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதும் முகம், அவ்வளவே. நம்ப மறுக்கிற ஒருவர் இப்படி அடிக்கு அடி சரிபார்த்துக்கொண்டே போவதால்தான், அவர் நம்பத் தொடங்கும்போது நமக்கும் தப்பிக்க வழி இல்லாமற் போகிறது.

முதிய பாதிரியாராக வந்தவர் ஸ்வீடன் நாட்டு நடிகர் மாக்ஸ் வான் சீடோ. படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 44 என்றால் பலர் நம்பமாட்டார்கள். டிக் ஸ்மித் என்ற ஒப்பனைக் கலைஞர் அவரை எழுபது கடந்த கிழவராக்கினார். சிறுமியின் முகத்திற் போட்ட ஒப்பனையை உலகமே பேசிற்று. இந்தக் கிழவர் முகத்திலும் ஒப்பனை உண்டு என்பதை எவரும் கண்டுகொள்ளவே இல்லை. 1965-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் இயேசுநாதராக நடித்தவர் வான் சீடோ. ஆயினும் இப்படத்தில் பேயை நோக்கி உரத்துச் சொல்லவேண்டிய ஆணைச் சொற்கள் அவர் வாயில் வரவில்லையாம். காரணம் கேட்டபோது, தமக்கு அந்த நம்பிக்கை இல்லை என்றார் என்று ஃபிரீட்கின் பின்னாளிற் பலமுறை சொல்லியிருக்கிறார். படத்தின் தொடக்கத்தில் ஈராக் நாட்டு அகழ்வாய்விற் சிறிது நேரம் தோன்றும் அவர், மறுபடி வருவது கடைசிப் பகுதியில்தான். பனிப் புகைக்குள் தெருவிளக்கின்கீழ்க் கைப்பையோடு நிற்கும் அந்த உருவம் சுவரொட்டியாகவே ஆயிற்று. இளம் பாதிரியார் நோயின் வரலாற்றைச் சொல்ல வரும்போது அவர் கேட்க மறுக்கிறார். இந்த எதிரியை அவர் முன்பே அறிவார். அந்தக் களைப்பை வசனமாகச் சொல்லாமல், படிக்கட்டில் ஏறும் கால்களாலேயே சொல்லிவிடுகிறார்.

இனிச் சிறுமிக்கு வருவோம். நூற்றுக்கணக்கான பெண் குழந்தைகளைப் பார்த்தும் தகுந்தவர் கிடைக்காத நிலையில், லிண்டா பிளேரை அவருடைய தாயார் அழைத்துக்கொண்டு வந்து நின்றார். படப்பிடிப்பு தொடங்கும்போது லிண்டாவுக்கு 13 வயது. ஃபிரீட்கின் தேடியது அழவும் அலறவும் வல்ல குழந்தையை அல்ல. இக்கதையைக் கேட்டும் மனம் கெடாமல், வேலை முடிந்ததும் விளையாடப் போய்விடும் தெளிவுள்ள குழந்தையை. லிண்டாவிடம் அது இருந்தது. படத்தின் தொடக்கத்தில் தாயோடு சிரித்து விளையாடுகிற காட்சிகள் அத்தனை இயல்பாக இருப்பதால்தான், பின்னர் வருவது நெஞ்சை அறுக்கிறது.

அந்தத் தெளிவுக்கு உரிய விலையை உடம்பு கொடுத்தது. பேச்சோடு மூச்சுப் புகை தெரியவேண்டும் என்பதற்காகப் படுக்கையறை அரங்கத்தையே உறைநிலைக்குக் கீழே குளிரூட்டினார்கள். மற்றவர்கள் கம்பளிக்குள் இருக்க, அந்தக் குழந்தை மெல்லிய இரவாடையோடு கிடந்தது. கட்டில் குலுங்கும் காட்சியில் உடம்போடு பிணைத்த கருவி தளர்ந்து, லிண்டாவின் முதுகெலும்பிற் காயம் உண்டாயிற்று. தாய் தூக்கி எறியப்படும் காட்சியில் பர்ஸ்டினின் இடுப்பில் கம்பி கட்டி இழுத்தார்கள். மிகக் கடுமையாக இழுக்கிறார்கள் என்று அவர் முறையிட்ட பின்னும் மறுமுறை அப்படியே நடந்தது. கீழே விழுந்த அவர் அலறிய அலறல் நடிப்பன்று. அது படத்தில் அப்படியே இருக்கிறது. ஓமாலி பாதிரியார் கடைசிக் காட்சியில் கை நடுங்க வேண்டும் என்பதற்காக ஃபிரீட்கின் அவரைக் கன்னத்தில் அறைந்தார். இவற்றையெல்லாம் கலைக்காகப் பட்ட பாடு என்று புகழ்ந்து எழுதுவோர் உண்டு. நமக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. மில்லரிடமும் மலியாரோஸ் மூதாட்டியிடமும் கன்னத்தில் அறையாமலே பெற்றதை, மற்றவரிடமும் பெற்றிருக்கலாம்.

பேயின் குரல் லிண்டாவினுடையது அன்று. முதலில் குழந்தையின் குரலையே இயந்திரத்தால் திரித்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற அம்மையாரை அழைத்தார்கள். வானொலி நாடகங்களில் பெரும் புகழ் பெற்றவர். 1949-ஆம் ஆண்டுப் படம் ஒன்றிற்காக ஆஸ்கார் விருது வாங்கியவர். குடிப் பழக்கத்தை அரும்பாடுபட்டு விட்டவர். அந்தக் குரலுக்காகப் பச்சை முட்டையை விழுங்கினார், சிகரெட் புகைத்தார், விட்டுவிட்ட மதுவையும், துணைக்குப் பாதிரியார்களை அருகில் வைத்துக்கொண்டு, அருந்தினார். கட்டிப்போடப்பட்ட பேயின் திமிறல் குரலில் வரவேண்டும் என்று தம்மை நாற்காலியோடு கட்டச் சொன்னார். இளமையிலிருந்தே அவரை வருத்திவந்த மார்ச்சளி இழுப்பைக்கூட வீணாக்கவில்லை. நாம் கேட்பது அந்த இழுப்பைத்தான்.

படம் வெளிவந்தபோது பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பெயர் போடுவதாக வாக்களித்தார்கள் என்றார் அவர். வேண்டாம் என்று அவரே சொன்னார் என்றது மறுதரப்பு. வழக்குப் பேச்சுக் கிளம்பிப் பத்திரிகைகளில் அடிபட்ட பின், பிற்காலத்துப் படிகளில் பெயர் சேர்க்கப்பட்டது. சில காட்சிகளில் லிண்டாவுக்கு மாற்றாகத் தோன்றிய ஐலீன் டீட்ஸ் என்பவரும் தம் பங்கை எடுத்துச் சொன்னார். இடையில் அகப்பட்டுக்கொண்டது குழந்தை. ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் இருந்த லிண்டாவுக்கு அந்த விருது கிடைக்கவில்லை. குரல் அவருடையது அன்று என்ற பேச்சே காரணம் என்று பலர் எழுதினர். அது எப்படியாயினும், அந்த வேடம் மூன்று பெண்களின் உழைப்பு.

குரலைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை 1614-இல் வெளியிட்ட சடங்கு நூலில், மெய்யாகவே பேய் பிடித்திருக்கிறதா என்று அறிவதற்குச் சில அடையாளங்கள் கூறப்பட்டுள்ளன. தெரியாத மொழியில் பேசுவது அவற்றுள் ஒன்று. இயல்புக்கு மீறிய உடல் வலிமை மற்றொன்று. இந்த இரண்டையும் படித்தபோது நம் நினைவு வாஷிங்டனை விட்டுக் கேரளத்திற்குப் போய்விட்டது. ‘மணிச்சித்திரத்தாழ்’ பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

1993-இல் ஃபாசில் இயக்கிய அந்த மலையாளப் படத்தில், கல்கத்தாவிலிருந்து கணவனின் மூதாதையர் வீட்டுக்கு வரும் கங்கா, பூட்டிய அறையில் வாழ்ந்து மடிந்த நாகவல்லியாகவே மாறுகிறாள். நாகவல்லி யார்? தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நாட்டியக்காரி! படுக்கையறையில் கணவனோடு பேசிக்கொண்டிருக்கும்போது கங்காவின் குரல் மாறுகிறது. கட்டிலை ஒரு கையால் தூக்குகிறாள். வாயில் வருவது தமிழ். சடங்கு நூல் சொல்லும் இரண்டு அடையாளமும் ஒரே காட்சியில்! ஷோபனா அந்த இடத்தில் பெரிய ஒப்பனை எதையும் நம்பவில்லை. பரத நாட்டியத்திற் பயின்ற கண்ணும் புருவமும் போதுமாயிருந்தன. தேசிய விருது பெற்ற நடிப்பு அது. ஆனால் அக்காட்சியில் சுரேஷ் கோபியின் முகத்தையும் பாருங்கள். மனைவியை அடையாளம் தெரியாமல் விழிக்கும் அந்தக் கணவன் இல்லாவிட்டால், ஷோபனாவின் கண்கள் யாரை அச்சுறுத்தும்?

இப்படத்தில் பேயோட்டுவதே ஒரு நாடகம் என்பது சுவையான செய்தி. மோகன்லால் ஏற்ற மனநோய் மருத்துவர், தந்திரியாக வரும் திலகனோடு சேர்ந்துகொண்டு, மந்திரச் சடங்கைப் போன்ற காட்சி ஒன்றை ஏற்பாடு செய்து, கணவனுக்குப் பதில் பொம்மையை வைத்து, நாகவல்லியின் பழியைத் தீரவிடுகிறார். மருத்துவர் இயக்குநர், நோயாளியே நாயகி. இங்கே மோகன்லால் பெரிய நட்சத்திரந்தான். ஆயினும் கதை நெடுந்தூரம் சென்ற பிறகுதான் உள்ளே வருகிறார். அதுவரை அந்த வீட்டின் அச்சம் நம்முள் ஊறிவிடுகிறது. இக்கதை 2005-இல் பி. வாசுவின் இயக்கத்தில் ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தபோது, ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே வந்துவிட்டார். பிராண்டோவைப் பற்றி ஃபிரீட்கின் அஞ்சியது இங்கே நடந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஜோதிகா தம் பங்கைத் திறம்படச் செய்தும், வீட்டுக்கு வந்து குழந்தைகள் நடித்துக் காட்டியது வேட்டையனைத்தான். நாமும் கைதட்டித்தான் பார்த்தோம்; ஆனால் பயப்படவில்லை.

வேறொன்றையும் நம் போன்று ஊர்விட்டு ஊர் வந்தோர் கவனிக்கவேண்டும். மலையாளத்தில் ஆவி தமிழ் பேசிற்று. தமிழில் அது தெலுங்கு பேசிற்று. ‘மணிச்சித்திரத்தாழ்’ படப்பிடிப்பில் உதவிய பிரியதர்சன் 2007-இல் ‘பூல் புலையா’ என்று இந்தியில் எடுத்தபோது அது வங்காளம் பேசிற்று. எந்த மொழிக்குப் போனாலும், பக்கத்து நாட்டிலிருந்து வந்து சேர்ந்த பெண்ணே பேய்! வீட்டாருக்குப் புரியாத மொழியை அவள் பேசுவதுதான் அச்சம். மாடிப்படியில் நாம் தமிழில் உரக்கப் பேசிக்கொண்டு போகும்போது, கதவிடுக்கில் எட்டிப் பார்த்த முகங்கள் நினைவுக்கு வந்தால் அது நம் குற்றமன்று. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இந்திப் படத்தில் வங்காள ஆவியாக நடித்த வித்யா பாலன், மும்பையின் செம்பூரில் வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். இந்தித் திரைக்கு வரும் முன் 2003-இல் வங்காளப் படத்தில் நடித்தவர். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்ந்த ஒருவருக்கு, ஒரே உடம்பில் இரண்டு பெண்களாகப் பேசுவது அப்படியொன்றும் புதிய வித்தை அன்று.

நாகவல்லியின் தமிழ்க் குரல் யாருடையது? கங்காவுக்கு மலையாளத்திற் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி. நாகவல்லிக்கும் அவரே என்றுதான் கேரளம் நெடுங்காலம் நம்பி வந்தது. பல ஆண்டுகள் கழித்து ஃபாசில் தாமே உண்மையை எழுதினார். நாகவல்லிக்குப் பேசியவர் துர்கா என்ற தமிழ்க் குரல் கலைஞர். இரு பாத்திரத்துக்கும் ஒரே குரல் ஒத்துவராது என்று கருதி, பின்னர் அவரை அழைத்துப் பேச வைத்தார்களாம். மெக்கேம்பிரிட்ஜ் அம்மையாருக்காவது வழக்குப் பேச வாய் இருந்தது. கையில் ஆஸ்கார் இருந்தது.

மறுமாதம் அதே இல்லத்தில் ‘மணிச்சித்திரத்தாழ்’ பார்த்தோம். அந்த அம்மையாரும் வந்திருந்தார். கங்கா தமிழ் பேசத் தொடங்கியதும், சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது நம்ம பொண்ணு குரல்டா!” என்றார். படம் முடிந்தபின் துர்காவின் செய்தியை நாம் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு பேரனை அழைத்து, அந்தக் காட்சியை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார். இம்முறை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே கேட்டார்.